மிளகுக் கொடிக்கு மூன்று வருடம், ஆய்வுக் கட்டுரைக்கு இரண்டா?

ஓர் ஆய்வாளரின் திறமையைப் பற்றிப் பேச்செடுத்தால், கட்டுரை வெளிவந்த சஞ்சிகையின் தாக்கக் காரணி எவ்வளவு என்று கேட்பது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. இம்பாக்ட் ஃபாக்டர் எனப்படும் இந்த எண் கூடினால் ஆய்வும் பெரிது, குறைந்தால் ஆய்வும் சிறிது என்று படித்தவர்களே நம்புகிறார்கள். இது தவறான நம்பிக்கை. மாத்தளை போன்ற ஒரு மாவட்டத்துக்கு இது தீங்கும் செய்கிறது.

கணக்கு எளியதுதான். ஒரு சஞ்சிகையில் முந்தைய இரண்டு வருடங்களில் வந்த கட்டுரைகளை இந்த வருடம் மற்றவர்கள் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்று எண்ணி, அந்தக் கட்டுரைகளின் தொகையால் வகுக்கிறார்கள். சஞ்சிகைகளைத் தேர்ந்தெடுக்க உதவும் கருவியாக யூஜின் கார்ஃபீல்ட் இதை உருவாக்கினார். அதைக் கொண்டு மனிதர்களை நிறுக்கத் தொடங்கியது பிறகு வந்தவர்கள்.

சராசரி எப்படி ஏமாற்றும் என்பதற்கு 2009ஆம் ஆண்டைப் பாருங்கள். படிகவியலுக்கான ‘ஆக்டா கிறிஸ்டலோகிராஃபிக்கா ஏ’ சஞ்சிகையின் தாக்கக் காரணி ஒரே வருடத்தில் 2.051இலிருந்து 49.926க்குத் தாவியது, ‘நேச்சர்’ சஞ்சிகையையே முந்தியது. காரணம், ஜார்ஜ் ஷெல்ட்ரிக் தம் கணினி நிரலைப் பற்றி 2008இல் எழுதிய ஒரே கட்டுரை. அதற்கு மட்டும் 6,600க்கும் அதிகமான மேற்கோள்கள் கிடைத்தன. அதே இதழ்களில் எழுதிய மற்றவர்களின் ஆய்வு அந்த ஒரு வருடத்தில் இருபத்து நான்கு மடங்கு உயர்ந்துவிட்டதா? சஞ்சிகையின் எண்ணைக் கட்டுரையாளரின் தலையில் சூட்டுகிறவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

இனி மாத்தளைக்கு வருவோம். ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் மத்திய ஆராய்ச்சி நிலையம் இங்கேதான் இருக்கிறது. மிளகு, கராம்பு, சாதிக்காய், ஏலம், கொக்கோ போன்ற பயிர்கள்தான் அங்கே ஆய்வுப் பொருள். திங்கி ரால, கொஹுகும்புரே ரால, பூட்டாவே ரால என்ற கலப்பின மிளகு வகைகள் அந்தத் திணைக்களத்தின் உழைப்பில் வந்தவை. மிளகுக் கொடியை நட்டு, கிளிரிசிடியா மரத்தில் ஏற்றிவிட்டால், முதல் காய்ப்பைப் பார்க்க மூன்று வருடமாவது ஆகும். அதன் பின்னும் விளைச்சல் நிலைக்கிறதா, நோய் தாங்குகிறதா என்று பல பருவங்கள் பார்க்க வேண்டும். இரண்டு வருடக் கணக்கோ கொடி காய்க்கும் முன்பே முடிந்துவிடும். உக்குவெலையிலும் ரத்தோட்டையிலும் மிளகு பயிரிடுகிறவர் நல்ல கொடி கிடைத்தால் மேற்கோள் காட்ட மாட்டார், நடுவார். அவர் நட்டது எந்தச் சுட்டியிலும் பதிவாகாது.

இந்த மலைகளில் அறிவியல் செய்த மிகப் பெரிய தாக்கத்தையும் நினைத்துப் பாருங்கள். 1869இல் இலங்கைக் கோப்பித் தோட்டங்களில் ஒரு நோய் தென்பட்டது. இலையைத் திருப்பினால் அடியில் செம்மஞ்சள் பொடி. தொட்டால் விரலில் ஒட்டும். பிறகு இலை உதிரும். பேராதனைப் பூங்காவின் பணிப்பாளர் த்வெயிட்ஸ் மாதிரிகளை இங்கிலாந்துக்கு அனுப்ப, பூஞ்சண ஆய்வாளர்களான பெர்க்லியும் புரூமும் அந்த நோயை உண்டாக்கும் பூஞ்சணத்துக்கு ‘ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ்’ என்று பெயரிட்டார்கள். அந்தக் குறிப்பு வந்த இடம் ‘கார்டனர்ஸ் குரோனிக்கிள்’ என்ற தோட்டக்கலை வார இதழ். பின்னர் தாவரவியலாளர் மார்ஷல் வார்ட் இங்கு வந்து ஆராய்ந்து, பூஞ்சண வித்திகள் காற்றில் பரவுவதையும் ஒரே பயிரை மலை மலையாக நட்டது நோய்க்கு வழிவிட்டதையும் விளக்கினார். அவருடைய அறிக்கைகள் அரச ஆவணங்களாக வெளிவந்தன. மன்னாரில் இறங்கி, தம்புள்ளை வழியாக நடந்தே மாத்தளைக்கு வந்த நம் முன்னோர் உழைத்த கோப்பி அழிந்து தேயிலை வந்த வரலாறு இந்த நோயோடு பிணைந்தது. 2012இல் மத்திய அமெரிக்காவில் இதே நோய் கோப்பியைத் தாக்கியபோதும் அந்தப் பெயரும் அந்த ஆய்வுகளும் தேவைப்பட்டன. இன்றைய அளவுகோல்படி அந்த வார இதழ்க் குறிப்புக்கு எத்தனை புள்ளி கிடைக்கும்?

எண் இல்லாவிட்டால் சிபாரிசுதான் ஆளும் என்பார்கள். நம் நாட்டில் அந்த அச்சம் நியாயமானது. அதை நான் தள்ளிவிடவில்லை. ஆனால் எண்ணையும் வளைக்கிறார்கள். தங்களையே மேற்கோள் காட்டுவதும், கூட்டுச் சேர்ந்து ஒருவரை ஒருவர் காட்டுவதும் நடப்பதால்தான் பல சஞ்சிகைகள் தாக்கக் காரணிப் பட்டியலிலிருந்து இடைநிறுத்தப்படுகின்றன. சிபாரிசுக்கு மாற்று, எழுதியதைப் படிப்பதுதான். ஆய்வு மதிப்பீடு பற்றி 2013இல் வெளியான சான் பிரான்சிஸ்கோ பிரகடனமும் சஞ்சிகையின் எண்ணை ஆய்வாளரின் மதிப்பாகக் கொள்ளாதீர்கள் என்றுதான் கேட்டது.

தேர்வுக் குழுக்களில் அமர்பவர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். விண்ணப்பதாரர் தம்முடைய சிறந்தவை என்று தரும் மூன்று கட்டுரைகளை முழுவதுமாகப் படியுங்கள். அவருடைய ஆய்வு எந்தத் தோட்டத்தில் பயன்பட்டது என்று கேளுங்கள். தமிழிலும் சிங்களத்திலும் விவசாயிக்காக அவர் எழுதிய துண்டுப்பிரசுரத்துக்கும் புள்ளி கொடுங்கள்.