வீடும் விவரமும்: மாடி அறை இருக்கு... சான்றிதழ் எங்கே?

வாங்குபவருக்கு வீடு பிடித்துவிட்டது. விலையும் படிந்துவிட்டது. அடுத்து குடிபோகவேண்டிய புது வீட்டையும் பார்த்தாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து வாங்குபவரின் சொலிசிட்டரிடமிருந்து ஒற்றை வரியில் ஒரு கேள்வி வருகிறது: ‘மேலே கட்டிய அறைக்கு நிறைவுச் சான்றிதழ் இருக்கிறதா?’

இங்கிலாந்தில் வீடு விற்பவர்களின் தூக்கத்தைக் கெடுக்கிற கேள்வி இது. ஹாரோ, ஈஸ்ட் ஹாம், டூட்டிங் என்று லண்டன் பக்கம் சொந்த வீடு வாங்கி, வசதிக்கேற்ப இடித்துக் கட்டியிருக்கும் தமிழ்க் குடும்பங்களும் இதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

ஓர் உதாரணம். ஹாரோவில் மூன்று படுக்கையறை வீட்டில் ஒரு யாழ்ப்பாணக் குடும்பம் வசிப்பதாக வைத்துக்கொள்வோம். பிள்ளைகள் இருவரும் வளர்ந்துவிட்டார்கள். ஊரிலிருந்து அம்மம்மாவும் வந்துவிட்டார். இடம் போதவில்லை. கூரைக்குக் கீழே உள்ள காலி இடத்தை அங்கே ‘லாஃப்ட்’ என்பார்கள். நம்மூர்ப் பரண் மாதிரி இல்லை, ஆள் நிமிர்ந்து நிற்கும் அளவுக்குப் பெரியது. அதை அறையாக்கிவிடலாம் என்று தெரிந்த பில்டர் ஒருவரைக் கூப்பிடுகிறார்கள்.

“ஒண்டுக்கும் யோசியாதேங்கோ அண்ணை. உதுக்கு பிளானிங் பெர்மிஷன் தேவையில்லை” என்கிறார் அவர். ஆறு வாரத்தில் அறை தயார். பெரிய மகன் மேலே குடியேறிவிடுகிறான். எல்லோருக்கும் சந்தோஷம். வருடங்கள் ஓடி, வீட்டை விற்கும்போதுதான் சிக்கல் தெரிகிறது.

அது வேறு, இது வேறு!

பில்டர் சொன்னது பொய் இல்லை. பாதி உண்மை. அங்கே வீட்டை மாற்றிக் கட்ட இரண்டு வகை அனுமதிகள் உண்டு. பிளானிங் பெர்மிஷன் என்பது வீடு வெளியே எப்படித் தெரிகிறது, எவ்வளவு பெரிதாகிறது, பக்கத்து வீட்டுக்கு இடைஞ்சலா என்று பார்ப்பது. வரிசை வீடு என்றால் 40 கன மீட்டர், மற்ற வீடுகளுக்கு 50 கன மீட்டர் வரை லாஃப்டைப் பெரிதாக்க, மற்ற நிபந்தனைகளும் பொருந்தினால், இது பெரும்பாலும் தேவைப்படாது.

இன்னொன்று பில்டிங் ரெகுலேஷன்ஸ். கட்டட விதிமுறைகள். கட்டியது உறுதியாக இருக்கிறதா, தீப்பிடித்தால் தப்பிக்க முடியுமா, குளிர் தாங்குமா என்று பார்ப்பது இதுதான். பிளானிங் தேவைப்படாத லாஃப்ட் அறைக்கும் இது கட்டாயம். கவுன்சிலின் பில்டிங் கன்ட்ரோல் பிரிவோ, பதிவு பெற்ற தனியார் நிறுவனமோ வேலை நடக்கும்போதே வந்து பார்த்து, கடைசியில் நிறைவுச் சான்றிதழ் தருவார்கள். நம் உதாரணக் குடும்பத்தில் யாரும் வந்து பார்க்கவே இல்லை.

அப்படி என்னதான் பார்க்கிறார்கள்?

லாஃப்டின் அடியில் இருக்கும் மரச்சட்டங்கள் கீழ் அறையின் சீலிங்கைத் தாங்குவதற்காகப் போட்டவை. கட்டில், அலமாரி, ஆட்கள் என்று ஓர் அறையின் பாரத்தைச் சுமப்பதற்காக அல்ல. அதனால் பெரும்பாலும் தரைக்கென்று தனியாகப் பலமான சட்டங்கள் போடவேண்டும்.

அதைவிட முக்கியம் தீ. இரண்டு தள வீடு மூன்று தளமாகும்போது, மேலே தூங்குபவர் ஜன்னல் வழியே குதித்துத் தப்பிக்க முடியாது. படிக்கட்டு ஒன்றுதான் வழி. அதனால் மேலிருந்து வாசல் கதவு வரை படிக்கட்டைச் சுற்றி 30 நிமிடம் தீயைத் தாங்கும் தடுப்பு, அறைகளுக்குத் தீ தாங்கும் கதவுகள், ஒன்று அலறினால் எல்லாத் தளங்களிலும் சேர்ந்து அலறும் புகை அலாரம் ஆகியவற்றைப் பொதுவாகக் கேட்பார்கள். வெறும் காகிதம் என்று நினைக்கும் சான்றிதழுக்குப் பின்னால் இத்தனை விஷயம் இருக்கிறது.

மறைக்க முடியுமா?

முடியாது. வீட்டை விற்பவர் டி.ஏ.6 என்ற படிவத்தை நிரப்பவேண்டும். வீட்டில் என்ன மாற்றங்கள் செய்தீர்கள், அனுமதி இருக்கிறதா என்று அதில் கேள்வி உண்டு. பொய் சொல்லி விற்றால், பிறகு வாங்கியவர் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடலாம். கவுன்சில் ஆவணங்களில் சொலிசிட்டர் நடத்தும் தேடலிலும் சான்றிதழ் இல்லாதது தெரிந்துவிடும். வாங்குபவருக்குக் கடன் தரும் வங்கியின் மதிப்பீட்டாளரும் அந்த அறையைப் படுக்கையறையாகக் கணக்கில் எடுக்க மறுக்கலாம். நான்கு படுக்கையறை விலை கேட்ட வீடு, மூன்று படுக்கையறை விலைக்கு இறங்கிவிடும்.

என்ன வழி?

ஒன்று, வரன்முறைப்படுத்துவது. 1985 நவம்பர் 11-க்குப் பிறகு அனுமதியில்லாமல் செய்த வேலைகளுக்குக் கவுன்சிலில் ‘ரெகுலரைசேஷன்’ சான்றிதழ் கேட்கலாம். அதிகாரி உள்ளே இருப்பதைப் பார்ப்பதற்காகச் சுவரையோ தரையையோ பிரிக்கச் சொல்லலாம். குறை இருந்தால் சரிசெய்தாகவேண்டும். செலவும் நாளும் பிடிக்கும். ஆனால், அறை உண்மையிலேயே பத்திரமானதாக மாறுவது இந்த வழியில்தான்.

இரண்டு, இன்டெம்னிட்டி இன்ஷூரன்ஸ். ஒரே தடவை பிரீமியம். பெரும்பாலும் விற்பவரே கட்டிவிடுவார். சீக்கிரம் முடிகிற வேலை என்பதால் பலரும் இதைத்தான் விரும்புகிறார்கள். பின்னாளில் கவுன்சில் நடவடிக்கை எடுத்து நஷ்டம் வந்தால் பாலிசி கைகொடுக்கும். ஆனால், தரை தொய்ந்தாலோ, படிக்கட்டு உடைந்தாலோ இந்தப் பாலிசியில் பைசா கிடைக்காது. இது கவுன்சிலிடமிருந்துதான் காப்பாற்றும். தீயிடமிருந்து காப்பாற்றாது.

மூன்று, இருப்பதை இருப்பபடியே சொல்லி விலையைக் குறைப்பது. வாங்குபவர் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர் ஒருவரை வைத்துப் பார்த்துவிட்டு, சரிசெய்யும் செலவைக் கழித்துக்கொண்டு வாங்கலாம்.

அவசரப்பட்டு போன் போடாதீர்கள்!

இங்கேதான் பலரும் தவறிவிடுகிறார்கள். கேள்வி வந்த பதற்றத்தில் நேராகக் கவுன்சிலுக்கு போன் போட்டு, “சான்றிதழ் வாங்காமல் கட்டிவிட்டோம், என்ன செய்யலாம்?” என்று கேட்டுவிட்டால், அதன் பிறகு இன்ஷூரன்ஸ் கிடைப்பது கஷ்டம். கவுன்சிலுக்குத் தகவல் போய்விட்ட வீட்டுக்குப் பொதுவாக பாலிசி தரமாட்டார்கள். எந்த வழி என்பதை முதலில் தன் சொலிசிட்டரோடு பேசி முடிவுசெய்யவேண்டும். கவுன்சிலுக்குப் பேசுவது அதற்குப் பிறகுதான்.

‘கட்டி ஒரு வருடம் ஆகிவிட்டால் ஒன்றும் செய்யமாட்டார்கள்’ என்ற பழைய பேச்சையும் இனி நம்பமுடியாது. விதியை மீறிக் கட்டியதை இடிக்கவோ மாற்றவோ சொல்லி நோட்டீஸ் கொடுக்க, முன்பு வேலை முடிந்ததிலிருந்து 12 மாதம்தான் அவகாசம். இங்கிலாந்தில் 2023 அக்டோபர் 1 முதல் அது 10 ஆண்டாகிவிட்டது. பில்டர் கடையை மூடிவிட்டுப் போயிருக்கலாம். நோட்டீஸ் வருவது வீட்டுக்காரருக்குத்தான்.

கட்டப்போகிறவர்களுக்கு...

சமையலறைச் சுவரை இடிப்பது, பழைய புகைபோக்கியை எடுப்பது, கராஜை அறையாக்குவது என எல்லாவற்றுக்கும் இதே கதைதான். வேலை தொடங்கும் முன் பில்டரிடம், “பில்டிங் கன்ட்ரோலுக்கு விண்ணப்பிப்பது யார்? நீங்களா, நாங்களா?” என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிவிடவேண்டும். நிறைவுச் சான்றிதழ் கைக்கு வந்த பிறகே கடைசித் தவணை என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளலாம்.

ஹாரோ குடும்பத்துக்கு வருவோம். இன்ஷூரன்ஸ் எடுத்து அவர்கள் வீட்டை விற்றுவிடலாம். சட்டப்படி தப்பில்லை. ஆனால், இத்தனை வருடம் அந்த அறையில் தூங்கியது அவர்கள் மகன். நாளைக்கு அங்கே தூங்கப்போவது வாங்குபவரின் பிள்ளை. அந்தப் படிக்கட்டை ஒருமுறையாவது விஷயம் தெரிந்த ஒருவர் வந்து பார்த்திருக்கவேண்டும் என்பதற்காகத்தான் அந்தச் சான்றிதழ்!