குடியிலிருந்து மீள்வது எப்படி?

1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தபோது, சம்பள உயர்வோடு கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்றும் கோரினார்கள். குடி நம் குடும்பங்களைத் தின்பதை அன்றே கண்டவர்கள் அவர்கள். கடையை எதிர்த்துப் போராட நாம் கற்றோம். குடித்தவரை மீட்க இன்னும் கற்கவில்லை.

நடப்பதைப் பாருங்கள். சம்சுக்கு அடிமையான பால்மரத் தொழிலாளி ஒருவர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்படுகிறார். கை நடுக்கம் நின்றதும், "இனிமேல் குடிக்காதே" என்ற புத்திமதியோடு வீட்டுக்கு அனுப்பப்படுகிறார். இரண்டு மாதம் கழித்து மறுபடியும் குடித்துவிட்டால், "இவன் திருந்தமாட்டான்" என்று கைகழுவி விடுகிறார்கள். இதுவா வைத்தியம்?

குடிநோயாளியையும் மற்ற நோயாளியைப் போலவே ஆஸ்பத்திரிகள் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் சங்கம் 1956லேயே கூறிவிட்டது. நீரிழிவுக்காரருக்குச் சர்க்கரை ஏறினால் டாக்டர் அவரைக் கைவிடுவதில்லை. மருந்தை மாற்றிப் பார்க்கிறார். மறுபடி குடித்தவருக்கு மட்டும் ஏன் ஏச்சு?

நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால், முதல் சில நாட்களில் வலிப்பு வரலாம், சித்தம் கலங்கலாம், உயிரே போகலாம். ஆகவே அவரை வீட்டில் அடைத்து வைக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகவேண்டும். ஆனால் அது தொடக்கமே. உறக்கம் திரும்ப வேண்டும். மனைவி மக்களின் நம்பிக்கை திரும்ப வேண்டும். பிரட்டுக்கு நேரத்தில் வந்து நிற்க வேண்டும். கடன் குறைய வேண்டும். இவையெல்லாம் சேர்ந்ததே மீட்சி. அதற்கு மாதங்கள் ஆகும். பலருக்கு ஆண்டுகளே ஆகும்.

டாக்டர்களையும் டிரசர்களையும் கேட்டுக்கொள்கிறோம்: "குடித்தாயா?" என்று மட்டும் கேளாதீர்கள். உறக்கம் எப்படி, வீட்டு நிலை என்ன என்றும் கேளுங்கள். மறுபடி வரவேண்டிய நாளைக் குறித்துக் கொடுங்கள். நிர்வாகங்களைக் கேட்கிறோம்: டாக்டர் சான்று தந்த நாட்களை நோய் விடுப்பாகவே எழுதுங்கள். கிராணிமார்களே, வேலைக்கு வராதவரின் பெயரை அடிக்குமுன் காரணத்தை விசாரியுங்கள்.

தோழர்களே! நமக்கும் கடமை உண்டு. 1935இல் அமெரிக்காவில் குடியை விட முயன்ற இருவர் ஒருவருக்கொருவர் துணை நின்றார்கள். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கம் அப்படித்தான் பிறந்தது. அவர்களில் ஒருவர் டாக்டர்! அவரும் இடையில் ஒருமுறை வழுக்கி, மறுபடி எழுந்தவரே. அன்று அவரைக் கைவிட்டிருந்தால் அந்த இயக்கம் ஏது?

திரும்பி வந்தவரைக் கேலி செய்யாதீர்கள். "ஒரு கிளாஸ்தானே" என்று அழைப்பவன் நண்பனல்லன். விழுந்தவரைத் தூக்கிவிடுவதே தொழிலாளர் ஒற்றுமை.