பெருக்குவதற்கு முன் கழிப்போம்

"உன் அண்ணனுக்கு என்னம்மா குறை? சிங்கப்பூர் வெள்ளியில சம்பளம்!"

சுங்கை ஆயர் தாவாரில் எங்கள் வீட்டருகே உள்ள மளிகைக் கடைக்குப் போகும்போதெல்லாம் இந்த வசனம் என் காதில் விழும். சொல்பவர்கள் நல்ல மனத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால், சொல்லி முடிப்பதற்குள் அவர்கள் மனம் ஒரு கணக்கையும் போட்டு முடித்துவிடும். அண்ணனின் மாதச் சம்பளம் 2,200 சிங்கப்பூர் டாலர். அதை மூன்றால் பெருக்கினால் 6,600 ரிங்கிட். ஒரு டாலருக்கு மூன்று ரிங்கிட்டுக்கும் சற்று மேலே கிடைப்பதால், "ஏழாயிரம்" என்று முழுமையாக்கிவிடுவோரும் உண்டு.

தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வாய்ப்பாட்டை மனனம் செய்தவள் நான். இடைநிலைப்பள்ளிக்குச் சென்ற பிறகு அதே வாய்ப்பாட்டை மலாயில் சொல்லவும் பழகினேன். ஆனால் சிங்கப்பூர்ச் சம்பளத்தை மூன்றால் பெருக்கக் கூடாது என்று எந்த மொழியிலும் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அதை ஒரு 555 குறிப்பேடுதான் கற்றுத் தந்தது. அந்தப் பாடத்தை நம் மாணவ நண்பர்களோடும் முன்னாள் மாணவர்களோடும் பகிர்ந்து கொள்ளவே இக்கட்டுரை.

அண்ணன் திறன் பயிற்சி முடித்து, 2019-ஆம் ஆண்டு உட்லண்ட்ஸில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். கடந்த தீபாவளிக்கு ஊருக்கு வந்திருந்தபோது, அவர் துணிகளைத் துவைக்க எடுத்தேன். கால்சட்டைப் பையில் ஒரு 555 இருந்தது. கடையில் கடன் எழுத அப்பா வைத்திருக்கும் அதே சிறிய புத்தகம்தான். திறந்து பார்த்தது தவறுதான். ஆனாலும் பார்த்துவிட்டேன்.

ஒவ்வொரு மாதமும் ஒரே வரிசை. நால்வர் தங்கும் அறையில் ஒரு கட்டிலுக்கு 450. சாப்பாடு 420. பேருந்து, ரயில் 110. கைப்பேசி 20. மருந்து, சவர்க்காரம், முடிவெட்டு போன்ற சில்லறைச் செலவு 100. மாதம் ஒரு முறை ஊருக்கு வந்து போக 100. ஆக 1,200 டாலர் அங்கேயே கரைந்துவிடுகிறது. எஞ்சும் ஆயிரத்தில் 700 வீட்டுக்கு வருகிறது. 300 அண்ணன் கையில் நிற்கிறது.

ஒரு பக்கத்தில் மட்டும் "தங்கச்சி லேப்டாப் 900" என்று எழுதியிருந்தது. அதற்கு அடுத்த மூன்று மாதங்களில் சாப்பாட்டுக்கு எதிரே இருந்த எண்கள் 300, 290, 310. நான் அந்த மடிக்கணினியைக் கேட்ட நாள் எனக்கு நன்றாக நினைவிருந்தது. "மூவாயிரம் ரிங்கிட்கூட இல்லண்ணே, உங்களுக்கு ஆயிரம் டாலர்கூட வராது" என்று கைப்பேசியில் சிரித்துக்கொண்டே கேட்டேன். கடையில் பேசுகிறவர்கள் பெருக்கினார்கள். நான் வகுத்தேன். இரண்டும் ஒரே தவறுதான்.

"ஏண்ணே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?" என்று அன்றிரவு கேட்டேன்.

"நீங்கதான் எல்லாத்தையும் மூனால பெருக்கிடுறீங்களே, தங்கச்சி. நான் எங்கேருந்து கழிச்சிக் காட்டுறது?" என்றார்.

நம் பேச்சில் ரிங்கிட்டுக்கும் பெயர் வெள்ளி. சிங்கப்பூர் டாலருக்கும் பெயர் வெள்ளி. இரண்டையும் ஒரே சொல்லால் அழைக்கும் நாம், சம்பளத்தைக் கேட்கும்போது மட்டும் அவற்றை வேறுபடுத்துகிறோம். செலவைக் கேட்கும்போது இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறோம். அண்ணன் டாலரில் சம்பாதித்து டாலரில்தான் சாப்பிடுகிறார். அங்கே உண்ணும் சோற்றுக்கு ரிங்கிட்டில் விலை போடுவார் யாருமில்லை. எனவே மூன்றால் பெருக்கத் தகுந்தது 2,200 அன்று. எல்லாச் செலவும் போக எஞ்சும் ஆயிரம் மட்டுமே. அதாவது அண்ணனின் உண்மையான வருமானம், நம் ஊர்க் கணக்கில், ஏறத்தாழ மூவாயிரம் ரிங்கிட்.

இந்தப் பெருக்கல் நம் குடும்பங்களுக்குப் புதியதும் அன்று. என் தாத்தாவின் அப்பா, 1938-ஆம் ஆண்டு இந்திய அரசு உதவிக் குடியேற்றத்தைத் தடை செய்வதற்கு முன், கங்காணி வழியாகத் தோட்டத்துக்கு வந்தவர். அக்காலத்தில் ஒரு மலாயா வெள்ளிக்கு ஏறத்தாழ ஒன்றரை ரூபாய். ஊரில் இருந்தவர்கள் அவருடைய கூலியை ஒன்றரையால் பெருக்கிக்கொண்டு, நிலம் மீட்கவும் கல்யாணம் முடிக்கவும் பணம் கேட்டுக் கடிதம் எழுதினார்களாம். லயத்து வீட்டில் அவர் எதைச் சாப்பிட்டார் என்று யாரும் கேட்டு எழுதியதாகத் தாத்தா சொன்னதில்லை. தாத்தாவின் இளமைக் காலத்தில் பெருக்கத் தேவையில்லாமல் இருந்தது. 1973 வரை நம் வெள்ளியும் சிங்கப்பூர் வெள்ளியும் ஒன்றுக்கு ஒன்று என்ற மதிப்பில் மாற்றத்தக்கவையாக இருந்தன. இன்று பெருக்கும் எண் மூன்று. சிங்கப்பூரில் உழைக்கும் தமிழ்நாட்டுத் தொழிலாளர்களின் வீடுகளில் அது அறுபதுக்கும் மேல். அவர்களில் பலர் முகவருக்குக் கட்டிய கடனை அடைத்த பின்னரே சம்பளத்தைச் சம்பளமாகப் பார்க்கிறார்கள். பெருக்கும் எண் பெரிதாகப் பெரிதாக, போனவரின் தோளில் ஏறும் சுமையும் பெரிதாகிறது.

அப்படியென்றால் போகவே கூடாது என்கிறாயா, என்று சிலர் கேட்கலாம். இல்லை. மூவாயிரம் ரிங்கிட் எஞ்சுவது சிறிய காரியமன்று. நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 2025-இல்தான் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்தது. சபாக் பெர்ணாமிலிருந்து கோல சிலாங்கூர் வரை தென்னையும் செம்பனையும் நெல்லும் விளையும் நம் பகுதியில், பயிற்சி பெற்ற இளைஞனுக்கு ஏற்ற வேலைகள் அரிது. அண்ணன் எடுத்த முடிவு சரியான முடிவுதான். பிழை அவர் போனதில் இல்லை. நாம் வீட்டில் போட்ட கணக்கில் இருக்கிறது.

அந்தக் கணக்கில் விடுபட்ட இன்னொரு பெரிய தொகையும் உண்டு. நம் நாட்டில் ஒருவர் 2,500 ரிங்கிட்டுக்கு வேலை செய்தால், அவர் சம்பளத்தில் 11 விழுக்காடும் முதலாளி தரும் 13 விழுக்காடும் ஊழியர் சேமநிதி வாரியத்தில் சேர்கின்றன. மாதம் 600 ரிங்கிட். பத்து ஆண்டுகளில், இலாப ஈவைச் சேர்க்காமலேயே, 72,000 ரிங்கிட். சிங்கப்பூரிலும் மத்திய சேமநிதி இருக்கிறது. ஆனால் அது குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே. வொர்க் பெர்மிட்டில் வேலை செய்யும் அண்ணனுக்கு இங்கும் சேரவில்லை, அங்கும் சேரவில்லை. கையில் நிற்கும் அந்த 300 டாலர்தான் அவருடைய முதுமை. அதில் மூன்று மாத முதுமையை எடுத்துத்தான் நான் மடிக்கணினி வாங்கியிருக்கிறேன்.

வெளிநாட்டில் வேலை என்றால் எல்லாம் ஒன்றே என்ற எண்ணமும் நம்மிடம் இருக்கிறது. சிங்கப்பூர் அரசு அப்படிப் பார்ப்பதில்லை. எம்ப்ளாய்மெண்ட் பாஸுக்குப் புதிதாக விண்ணப்பிப்பவருக்குக் குறைந்தது 5,600 டாலர் சம்பளம் வேண்டும் என்று 2025 ஜனவரியில் விதித்தது. எஸ் பாஸுக்கு அந்த எல்லை 2025 செப்டம்பரில் 3,300 டாலர் ஆனது. பெரும்பாலான துறைகளில் இதுவே தொடக்கம். வயது கூடக்கூட எல்லையும் உயரும். மனைவி மக்களை உடன் அழைத்துச் செல்ல 6,000 டாலர் சம்பளம் தேவை. இவற்றுக்குக் கீழே இருப்பவரின் வொர்க் பெர்மிட்டோ ஒரு முதலாளியோடு கட்டப்பட்டது. அந்த வேலை போனால் அனுமதியும் போய்விடும். ஒரே பாலத்தைக் கடந்து போகிறவர்கள்தான். ஆனால் எல்லாரும் ஒரே வாழ்க்கைக்குப் போவதில்லை.

எந்த எண்ணிலும் அடங்காத செலவும் உண்டு. 2020 மார்ச்சில் எல்லை மூடியபோது அண்ணன் அக்கரையிலேயே தங்கிவிட்டார். 2022 ஏப்ரலில் தரைவழி முழுமையாகத் திறந்த பிறகே வீட்டுக்கு வந்தார். இடையில் தாத்தா காலமானார். பேரன் இறுதிச் சடங்கைக் கைப்பேசியில் பார்த்தார். அந்த மாதமும் 700 டாலர் தவறாமல் வந்தது. அதையும் நாங்கள் மூன்றால் பெருக்கியிருப்போம்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது நம் பழமொழி. நம் வீடுகளில் போடுவதை அளக்கிறோம், வருவதை அளப்பதில்லை. கோயில் திருவிழா உபயமா, சிங்கப்பூர்ப் பிள்ளை பெயரை முதலில் எழுது. உறவினருக்குக் கடனா, அவனைக் கேள். இல்லை என்று அவர் சொன்னால், "மாறிவிட்டான்" என்கிறோம். பெருமைக்காகச் சொன்ன ஏழாயிரம், பிள்ளையின் கழுத்தில் ஏழாயிரமாகவே தொங்குகிறது.

இதற்கு என்ன செய்யலாம்? பெரிய திட்டங்கள் வேண்டாம். மூன்று காரியங்கள் போதும். முதலாவது, வெளியூர் வேலைக்குப் போகிறவர் தம் செலவுக் கணக்கை மறைக்க வேண்டியதில்லை. முதல் மாதமே வீட்டில் காட்டட்டும். அதைக் கேட்டு வாங்கிப் பார்க்கும் கடமை வீட்டாருக்கும் உண்டு. இரண்டாவது, ஊருக்குப் பணம் அனுப்பும் முன் தம் சேமநிதிக்கு ஒரு தொகையை ஒதுக்கட்டும். ஊழியர் சேமநிதி வாரியத்தில் ஆண்டுக்கு 100,000 ரிங்கிட் வரை நாமே விரும்பிச் செலுத்த வழி இருக்கிறது. மாதம் நூறு டாலர் என்றாலும் தொடங்கலாம். மூன்றாவது, வேலைக் கடிதத்தைக் கையில் வாங்கியவுடன் சம்பளத்தை மட்டும் பார்க்காமல், எந்த அனுமதி, தங்குமிடம் யார் பொறுப்பு, மருத்துவச் செலவுக்கு என்ன ஏற்பாடு என்று படித்துப் பார்ப்போம்.

நம் சங்கத்தின் முன்னாள் மாணவர்களில் அக்கரையில் பணிபுரிபவர்கள் பலர் இருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு வேண்டுகோள். நம் நிகழ்ச்சிகளுக்கு வரும்போது வெற்றிக் கதையோடு உங்கள் 555-ஐயும் கொண்டு வாருங்கள். இறுதியாண்டில் நிற்கும் எங்களுக்கு அதைவிடச் சிறந்த வழிகாட்டி நூல் கிடையாது.

தீபாவளி முடிந்து அண்ணன் கிளம்பிய அன்று காலை, அந்தக் குறிப்பேட்டை அவர் அனுமதியோடு அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "சாப்பாட்டுக்கு முன்னூறு எப்படிப்பா பத்தும்?" என்று மட்டும் கேட்டார். ஆறு ஆண்டுகளில் அவரிடம் எங்கள் வீட்டில் டாலரிலேயே கேட்கப்பட்ட முதல் கேள்வி அதுதான். இப்போது மாதம் 600 டாலர்தான் வீட்டுக்கு வருகிறது. மீதி நூறு அண்ணன் பெயரில் சேமநிதிக்குப் போகிறது. எங்கள் வீட்டில் யாரும் அதனால் பட்டினி கிடக்கவில்லை.

நாளை நானும் ஒருவேளை அந்தப் பாலத்தைக் கடக்கலாம். நீங்களும் கடக்கலாம். கடப்போம், தவறில்லை. ஆனால் பெருக்குவதற்கு முன் கழிக்கப் பழகிக்கொண்டு கடப்போம்.