தோற்காதவர் எல்லாம் ஜாம்பவானா?

1/
மேவெதர் 50 போட்டி, 50 வெற்றி, தோல்வி ஜீரோ. அப்போ உலகத்தின் தலைசிறந்த பாக்ஸர் அவர்தானே? இல்ல முகமது அலியா? பாக்ஸிங் பார்க்கிற நாலு தம்பிங்க இருக்கிற எந்த வாட்ஸ்அப் குரூப்பிலும் இந்த சண்டை வராமல் இருக்காது. என் கருத்தை இங்க எழுதுறேன். இழை கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

2/
"டாக்டருக்கு இதுல என்ன வேலை?"னு கேட்பீங்க. ரெண்டு வேலை இருக்கு. ஒண்ணு, தலையில் விழும் அடி மூளையை என்ன செய்யும் என்பது எங்க பாடம். இன்னொண்ணு, "ஜீரோ" என்ற எண்ணை எப்படி படிக்கணும் என்பதும் எங்க பாடம்தான். முதலில் ரெண்டாவதை எடுத்துக்குவோம்.

3/
ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் வருஷம் முழுக்க மரணமே இல்லாமல் இருக்கலாம். சென்னை ஜிஎச்சில் மரணம் இல்லாத நாளைப் பார்ப்பது கஷ்டம். அதனால் சுகாதார நிலையம் ஜிஎச்சை விட சிறந்ததா? இல்லைங்க. திருமழிசை பக்கம் பெங்களூர் ஹைவேயில் லாரியில் அடிபட்டவரை 108 கடைசியில் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டு போகும். கஷ்டமான கேஸ் போகிற இடத்தில்தான் மரணமும் பதிவாகும்.

4/
இன்னொன்றும் நடக்கும். சில சின்ன மருத்துவமனைகளில் நோயாளி நிலைமை கைமீறிப் போன பிறகு, "ஜிஎச்சுக்கு தூக்கிட்டுப் போயிடுங்க" என்று அனுப்புவார்கள். எல்லோரும் அப்படி இல்லை. ஆனால் நடக்கிறது. அவங்க ரெக்கார்டு சுத்தமா இருக்கும், மரணம் எங்க ரிஜிஸ்டரில் ஏறும். அதனால் ஜீரோ என்று யாராவது காட்டினால் என் முதல் கேள்வி: "எந்த மாதிரி கேஸ் எடுத்தீங்க?"

5/
பாக்ஸிங்கிலும் அதே கேள்விதான். ஒலிம்பிக் மாதிரி அமெச்சூர் போட்டியில் யாரோடு மோதணும் என்பதை டிரா முடிவு பண்ணும். தொழில்முறை பாக்ஸிங்கில் அதை மேனேஜரும் புரொமோட்டரும் பேசி முடிவு பண்ணுவாங்க. தோல்வி இல்லாத ரெக்கார்டுக்கு டிக்கெட் விற்கும். அதனால் அந்த ஜீரோவைப் பத்திரமா பொத்திப் பொத்தி வளர்ப்பது அங்கே ஒரு வியாபாரம்.

6/
நம்ம நாட்டு உதாரணம் விஜேந்தர் சிங். 2008 பெய்ஜிங்கில் வெண்கலம். ஒலிம்பிக் பதக்கம் வென்ற முதல் இந்திய பாக்ஸர். 2015-ல் தொழில்முறைக்கு மாறினார். 12 போட்டி, 12 வெற்றி. 2021 மார்ச்சில் கோவாவில் கப்பல் மேல் போட்ட ரிங்கில், ரஷ்யாவின் ஆர்டிஷ் லோப்சான் 5வது ரவுண்டில் அந்தக் கணக்கை முடித்தார்.

7/
இப்போ சொல்லுங்க. அந்த ராத்திரிக்கு முன்னாடி விஜேந்தர் ஜாம்பவான், மறுநாள் காலையில் சாதாரண ஆளா? ரெண்டுமே இல்லை. அவர் பெருமை பெய்ஜிங்கில் உறுதியானது. அந்தப் பயணத்தில் அவர் தோற்கவும் செய்தார், வெண்கலம் என்றாலே அரையிறுதியில் தோல்வி என்றுதானே அர்த்தம். 12-0 அதில் பெரிசா எதையும் சேர்க்கல, 12-1 அதில் எதையும் குறைக்கல.

8/
மேரி கோமை எடுத்துக்கோங்க. 2001-ல் முதல் பெண்கள் உலக சாம்பியன்ஷிப்பின் பைனலில் தோல்வி, வெள்ளி. அதன்பின் 2002, 2005, 2006, 2008, 2010 என்று ஐந்து உலகத் தங்கம். 2012 லண்டன் ஒலிம்பிக் அரையிறுதியில் நிக்கோலா ஆடம்ஸிடம் தோல்வி, வெண்கலம். 2018-ல் பிள்ளைகள் பெற்ற தாயாக டெல்லியில் ஆறாவது தங்கம். தோல்விகள் நிறைய. இந்தியாவின் மிகச்சிறந்த பாக்ஸர் யார் என்றால் என் பதில் இவர்தான்.

9/
சரி, உலகத்துக்கு வருவோம். ராக்கி மார்சியானோ. 49-0, அதில் 43 நாக்அவுட். 1956-ல் தோற்காமலே ஓய்வு பெற்றவர். ஆனால் அவர் 1951-ல் வீழ்த்திய ஜோ லூயிஸுக்கு அப்போ 37 வயசு, நல்ல காலம் முடிஞ்சு போச்சு. வெற்றி வெற்றிதான். ஆனா எந்த வயசு லூயிஸ் என்று கேட்பதும் நியாயம்தான்.

10/
இப்போ மேவெதர். முதலில் அவருக்கு ஆதரவான வாதம், அதை மறைக்கக் கூடாது. ஐந்து எடைப் பிரிவுகளில் உலக சாம்பியன். அவரிடம் மோத வந்தபோது டியேகோ கொராலஸ் 33-0, ரிக்கி ஹட்டன் 43-0. கனேலோ 43 போட்டியில் ஒரு டிரா மட்டும், தோல்வி இல்லை. மூவரையும் வென்றார். கொராலஸை ஐந்து முறை கீழே தள்ளினார். இதெல்லாம் பொத்தி வளர்த்த ரெக்கார்டு இல்லைங்க.

11/
இப்போ மறுபக்கம். பாக்கியாவுடன் மோத வேண்டும் என்று 2009-லிருந்தே உலகம் கேட்டது. போட்டி நடந்தது 2015 மே மாதம். அதற்குள் பாக்கியா 2012-ல் மார்க்கெஸிடம் நாக்அவுட் ஆகி விழுந்திருந்தார். தாமதத்துக்கு இரண்டு தரப்பும் காரணம் சொல்வாங்க. ஆனால் ரசிகனுக்குக் கிடைத்தது ஆறு வருஷம் லேட்டான பாக்கியா. ஐம்பதாவது வெற்றியோ, அதுவரை தொழில்முறை பாக்ஸிங்கே ஆடாத மெக்ரெகர் மேல்.

12/
பலரும் மறக்கிற ஒரு விஷயம். மேவெதரும் தோற்றவர்தான். 1996 அட்லாண்டா ஒலிம்பிக் அரையிறுதியில் பல்கேரியாவின் செராஃபிம் டோடோரோவிடம் 10-9. ஒரே பாயிண்ட். அமெரிக்க அணி புகார் கொடுத்தும் முடிவு மாறல. வெண்கலம். அது அமெச்சூர் கணக்கு என்பதால் 50-0-ல் வராது. சர்ச்சைக்குரிய தீர்ப்புதான், ஒத்துக்கிறேன். ஆனா ஜீரோ என்பது எங்கிருந்து எண்ண ஆரம்பிக்கிறோம் என்பதையும் பொறுத்தது.

13/
இப்போ அலி. 1980-ல் அவர் மெட்ராஸ் வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடினார். அப்போதைய முதல்வர் எம்ஜிஆர். கூட்டம் அலைமோதியது. அன்னைக்கு அலி கணக்கில் மூணு தோல்வி இருந்துச்சு: ஃப்ரேசியர், நார்ட்டன், ஸ்பிங்க்ஸ். அதைப் பார்த்து ஒருத்தரும் வீட்டில் உட்காரல. ஏன்னா அந்த மூணு பேரையும் அவர் திரும்ப மோதி வென்றிருந்தார்.

14/
1967-ல் வியட்நாம் போருக்குப் போக மறுத்ததால் நல்ல வயசில் மூன்றரை வருஷம் ரிங் பறிபோனது. திரும்பி வந்து 1971-ல் ஃப்ரேசியரிடம் முதல் தோல்வி. 1974-ல், 32 வயசில், 40-0 ஃபோர்மேனை 8வது ரவுண்டில் சாய்த்தார். சுகர் ரே ராபின்சனுக்கு 19 தோல்வி. ஆனாலும் எடை வித்தியாசம் பார்க்காமல் உலகின் தலைசிறந்தவர் யார் என்று வல்லுநர்களைக் கேட்டால் முதலில் வரும் பெயர்களில் அவர் பெயர் இருக்கும்.

15/
இங்கே டாக்டர் குரல். மேவெதர் ஆட்டம் போரடிக்குது, அடிக்காமல் ஓடுறார் என்று திட்டுறீங்க இல்ல? அதுல எனக்கு உடன்பாடு இல்லை. அடி வாங்காமல் அடிப்பதுதான் இந்தக் கலையின் மூலம். மூளை மண்டைக்குள்ள மிதக்கிற மென்மையான உறுப்பு. குத்து விழும்போது அது குலுங்கும், திருகும், நரம்பு இழைகள் சேதமாகும். 1928-லேயே மார்ட்லாண்ட் என்ற அமெரிக்க மருத்துவர் பாக்ஸர்களின் தள்ளாட்டத்தையும் குழறலையும் "பஞ்ச் டிரங்க்" என்று எழுதிவிட்டார்.

16/
அலிக்கு 1984-ல் பார்க்கின்சன் நோய் கண்டறியப்பட்டது. குத்துகள்தான் ஒரே காரணம் என்று உறுதியா சொல்ல முடியாது. ஆனால் 1980 அக்டோபரில் லாரி ஹோம்ஸிடம் அவர் வாங்கிய அடியைப் பார்த்த எந்த டாக்டருக்கும் வயிறு கலங்கும். அந்தப் போட்டிக்கு அவரை அனுமதித்திருக்கவே கூடாது. "விழுந்தாலும் எழுந்து நிற்பான்" என்று கைதட்டுகிற நாம் இந்த விலையையும் சேர்த்துத்தான் பேசணும்.

17/
பாக்ஸிங் கிளாஸ் போகிற பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. ஹெல்மெட் வெட்டுக் காயத்தைக் குறைக்கும். மூளை அதிர்ச்சியை முழுசா தடுக்காது. அடிபட்ட பிறகு மயக்கம், திரும்பத் திரும்ப வாந்தி, அதிகமாகிக்கொண்டே போகும் தலைவலி, குழப்பம், வலிப்பு, அசாதாரண தூக்கம் இருந்தால் உடனே ஆஸ்பத்திரி. "சரியாயிடும்"னு தூங்க வைக்காதீங்க. டாக்டர் சொல்லாமல் மறுபடி ஸ்பாரிங் வேண்டாம்.

18/
ஜீரோவுக்கு நியாயமான பெருமையும் உண்டு. தோற்காதவனோடு மோத வருகிற ஒவ்வொருத்தனும் தன் வாழ்நாளின் சிறந்த ஆட்டத்தை எடுத்துக்கிட்டு வருவான். 20 வருஷம் ஒரு ராத்திரி கூட கவனம் சிதறாமல் இருப்பது லேசு இல்லை. அந்த ஒழுக்கத்தைக் கும்பிடணும். மற்றபடி, வீட்டுப் பெண்ணை அடித்த வழக்கில் மேவெதர் 2012-ல் ஜெயில் போனவர். பெரிய பாக்ஸர் வேற, பெரிய மனுஷன் வேற. ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

19/
ஆக, என் தீர்ப்பு. மூணு கேள்வி கேட்பேன்.
யாரோடு, எந்த வயசில் மோதினார்?
கீழே விழுந்தபோது என்ன செய்தார்?
அவருக்குப் பிறகு அந்த ஆட்டம் மாறியதா?
முதல் கேள்வியில் மேவெதர் நல்ல மார்க், ஆனா முழு மார்க் இல்லை. மூணாவதில் தடுப்பாட்டத்துக்கு அவர் ஒரு பாடநூல். இரண்டாவது கேள்விக்கு அவரிடம் விடைத்தாள் குறைவு, அந்த நிலைமை அவருக்கு அதிகம் வரல.

20/
அதனால் தலைசிறந்தவர்கள் பட்டியலில் மேவெதர் நிச்சயம் உண்டு. முதல் இடம் கிடையாது. ராபின்சனும் அலியும் அவருக்கு மேல. பட்டியலில் அவரை வைப்பதும் ஜீரோவுக்காக இல்லை, கொராலஸுக்கும் ஹட்டனுக்கும் கனேலோவுக்கும் எதிராக அவர் காட்டிய வித்தைக்காக. பாக்கியாவுடன் 2010-ல் மோதி ஒருவேளை தோற்றிருந்தாலும் என் கணக்கில் அவர் இன்னும் மேல போயிருப்பார்.

21/
இதை ஏன் இவ்வளவு நீட்டி எழுதுறேன்? இந்த ஜீரோ வியாதி ரிங்கோடு நிக்கல. முதல் மாவட்டப் போட்டியில் தோற்றதும் பையனை கிளாஸிலிருந்து நிறுத்துகிற அப்பா உண்டு. பத்தாவது வரை முதல் மார்க் எடுத்த பிள்ளை, ஒரு நீட் ரிசல்ட்டில் "எல்லாம் முடிஞ்சுது"னு நினைக்குது. பரீட்சை முடிவு வருகிற வாரத்தில் கேஷுவாலிட்டி டியூட்டி பார்க்கிற எந்த அரசு மருத்துவரையும் கேளுங்க. எந்த வயசுப் பிள்ளைகளை எந்த நிலைமையில் தூக்கிட்டு வர்றாங்கனு சொல்வாங்க.

22/
அந்தப் பிள்ளைகள் பலவீனமானவர்கள் இல்லை. தோற்றால் என்ன செய்யணும்னு அவங்களுக்கு யாரும் கற்றுத்தரல, அவ்வளவுதான். வீட்டில் மார்க் ஷீட்டைத் தூக்கிக் காட்டுற மாதிரி, "நான் இங்க தோத்தேன், அப்புறம் இப்படி சமாளிச்சேன்"னு என்னைக்காவது சொல்லியிருக்கோமா? மனசு ரொம்ப பாரமா இருந்தால் 104 அல்லது 14416 எண்ணுக்கு அழையுங்க. தமிழிலேயே பேசலாம். உதவி கேட்பது தோல்வி இல்லை.

23/
அடுத்த தடவை உங்க குரூப்பில் யாராவது "50-0 பார்த்தியா"னு ஆரம்பிச்சா, "யாரோட, எப்போ?"னு மட்டும் கேளுங்க. உங்க வீட்டுப் பிள்ளை தோத்துட்டு வந்தா அந்தக் கேள்வி கூட வேண்டாம். "சாப்பிட்டியா?"னு கேளுங்க, மத்தது நாளைக்குப் பேசிக்கலாம்.

மாற்றுக் கருத்து இருந்தா கமெண்ட்ல சொல்லுங்க. சண்டை போடலாம், ஆனா தலையில் அடிக்காம.


அரசு மருத்துவர், எம்பிபிஎஸ்
திருமழிசை