விடியலும் ஒரு குரலும்

1994இல் டிஸ்னி வெளியிட்ட ‘தி லயன் கிங்’ அனிமேஷன் படத்தின் முதல் நான்கு நிமிடங்களில் ஒரு சொல் வசனம்கூட இல்லை. அந்தக் காட்சிக்கு முதலில் வசனம் வைக்கத்தான் திட்டமிட்டிருந்தார்கள். ‘சர்க்கிள் ஆஃப் லைஃப்’ பாடலைக் கேட்டு அதன் வலிமையை உணர்ந்தபின் வசனம் தேவைப்படவில்லை. ஓர் இளவரசன் பிறந்த மகிழ்ச்சியும் அரசனிடம் காட்டுக்கு உள்ள பணிவும் இசையாலும் ஒளியாலும் மட்டுமே சொல்லப்படுகின்றன.

கேமராவால் எடுக்கும் படத்தில் வெயில் தானாக வந்து விழும். கையால் வரையும் அனிமேஷனில் ஒவ்வொரு கதிரையும் ஒருவர் யோசித்துத் தீட்டியாக வேண்டும். ஆகவே அங்கே ஒளியும் இசையைப் போலவே இயற்றப்படும் ஒன்று. எங்கே கூட்டுவது, எங்கே அடக்குவது என்பதை இரண்டிலும் கலைஞரே தீர்மானிக்கிறார்.

படம் இருட்டில் தொடங்குகிறது. செந்நிற வானில் சூரியன் எழும்போது, வாத்தியம் எதுவும் இல்லாமல் ஓர் ஆண்குரல் ஜூலு மொழியில் ஓங்கி அழைக்கிறது. அது தென்னாப்பிரிக்கப் பாடகர் லெபோ எம்மின் குரல். அந்த அழைப்புக்குச் செவிசாய்ப்பதுபோல விலங்குகள் ஒவ்வொன்றாகத் தலைநிமிர்கின்றன. குரலும் சூரியனும் ஒன்றாக எழுவதால், காட்டையே எழுப்பியது எது என்று பிரித்துப் பார்க்க முடிவதில்லை.

அடுத்து எல்டன் ஜான் இசையமைத்து டிம் ரைஸ் எழுதிய பாடல், கார்மென் ட்விலியின் குரலில் தாழ்ந்த சுருதியில் தொடங்குகிறது. விடியலின் சிவப்பு மெல்லப் பொன்னிறமாகிறது. பனிமூட்டத்தினூடே யானைகள் நடக்கின்றன. ஒட்டகச்சிவிங்கிகள் மேடேறி வெளிச்சத்துக்கு வருகின்றன. வெளிச்சம் பரவப் பரவ, ஹான்ஸ் ஜிம்மரின் இசைக்கோவையில் தாளமும் குழுக்குரல்களும் சேர்ந்து வலுக்கின்றன.

உச்சத்துக்கு முன்னால் இசை தணிகிறது. முதிய குரங்கு ரஃபிகி பாறைமேல் ஏறி, சிங்க அரசன் முஃபாசாவைத் தழுவி, அவனது குட்டி சிம்பாவின் நெற்றியில் பழச்சாற்றால் திலகமிடுகிறது. இதுவரை பரந்த வெளியைக் காட்டிய படம் இங்கே ஒரு குடும்பத்தின் அருகில் வந்து நிற்கிறது. இந்தத் தணிவு இல்லாவிட்டால் பின்னால் வரும் எழுச்சிக்கு இவ்வளவு கனம் இருக்காது.

ரஃபிகி சிம்பாவை உயரே தூக்கிக் காட்டும்போது பாடலின் பல்லவி முழுவீச்சுடன் திரும்புகிறது. மேகம் விலகி, ஒரே கதிர்க்கற்றை பாறைமீது இறங்குகிறது. விலங்குகள் மண்டியிடுகின்றன. வானமே குட்டியை ஏற்றுக்கொண்டது என்ற உணர்வு அந்தக் கதிரால்தான் பிறக்கிறது. இசை பெருகும்போது ஒளி சுருங்கி ஓரிடத்தில் குவிகிறது. கண்ணும் காதும் ஒரே புள்ளியில் வந்து சேர்கின்றன.

கடைசி முரசடியோடு திரை கருத்து, படத்தின் பெயர் தோன்றுகிறது. பாட்டு அங்கேயே அறுந்து நிற்கிறது. அடுத்த காட்சி மங்கலான குகை. அங்கே பாடல் இல்லை, பொன்னொளி இல்லை. சுண்டெலி ஒன்றைப் பிடித்துக்கொண்டு அரசனின் தம்பி ஸ்கார் தனியே இருக்கிறான். காடே திரண்ட விழாவுக்கு அவன் போகவில்லை என்பதையும், அந்த மகிழ்ச்சியில் அவனுக்குப் பங்கில்லை என்பதையும் அவன் வாய் திறக்கும் முன்பே இருளும் அமைதியும் சொல்லிவிடுகின்றன. படம் முழுவதும் மோதப்போகும் இரண்டு தரப்புகளும் இப்படித்தான் பார்வையாளர் மனத்தில் பதிகின்றன.