நிபுணர் சொன்னால் போதுமா?
தாம்பரம் சானடோரியத்தில் 1928-இல் டாக்டர் சௌரிமுத்து தொடங்கிய காசநோய் மருத்துவமனை, நல்ல காற்றும் ஊட்டமான உணவும்தான் சிகிச்சை என்றிருந்த காலத்தில் பிறந்தது. 1959-இல் வெளியான சென்னை ஆய்வு, மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் வீட்டின் எளிய சாப்பாட்டோடும் நோய் குணமாகும் என்று காட்டியது. மகத்தான கண்டுபிடிப்புதான், ஆனால் அதன்பின் ஊட்டச்சத்து பற்றிய கேள்வி நெடுங்காலம் பின்னுக்குப் போனது. அதை மீட்டவர்கள் மருத்துவத் தம்பதியான அனுராக் பார்கவாவும் மாதவி பார்கவாவும். கூடவே, அந்த 1959 ஆய்வை நடத்திய சென்னை மையத்தின் இன்றைய வடிவமான தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும். ஜார்க்கண்டில் நோயாளிகளின் குடும்பத்தாரில் ஒரு பிரிவினருக்குத் தலைக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, நுண்சத்து மாத்திரை கொடுத்தார்கள். பெறாதவர்களோடு ஒப்பிட்டபோது, அவர்களிடையே புதிதாகக் காசநோய் வருவது 39 முதல் 48 சதவீதம் குறைந்திருந்தது. முடிவு 2023-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது.

குரோம்பேட்டை, மேடவாக்கம் மருந்துக் கடைகளில் 'விஞ்ஞானிகள் உருவாக்கியது' என்று அடுக்கியிருக்கும் சத்துப் பவுடர்களிடமும் இந்த ஆய்வு பதில் சொன்ன கேள்விகளையே கேட்க வேண்டும்: எந்த விஞ்ஞானி, யாருக்குக் கொடுத்து, எதோடு ஒப்பிட்டார்? ஒவ்வொரு டப்பாவுக்கும் இவ்வளவு பெரிய ஆய்வு சாத்தியமில்லை என்பார்கள். நியாயம்தான், சிறிய சோதனை போதும், ஆனால் முடிவைப் பொதுவில் வைக்க வேண்டும். ஜார்க்கண்டில் பலன் தந்தது மாத்திரையல்ல, அரிசியும் பருப்பும்தான் என்றும் வாதிடலாம். இரண்டும் சேர்ந்தே போனதால் பிரித்துச் சொல்ல முடியாது. அப்படியானால் பவுடர் மட்டுமே போதும் என்று நிரூபிக்கும் பொறுப்பு, அரிசி, பருப்பைவிடப் பல மடங்கு விலைக்கு அதை விற்பவருடையது.