வேலிக்கு வழக்கு, கிணற்றுக்கு மௌனமா?

ஒரு முழ வேலிக்காக ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் படியேறும் நாம், அயலாரோடு பகிர்ந்து குடிக்கும் நீருக்காக ஒருநாளேனும் ஒன்றுகூடினோமா?

யாழ்ப்பாணத்து நிலத்தடிச் சுண்ணாம்புக்கல் எல்லைக்கல்லை அறியாது. ஒருவர் தோட்டத்தில் அளவின்றி இடும் யூரியாவும், அடுத்தவர் மலக்குழிக் கசிவும் பங்குக் கிணற்றிலேயே வந்து சேர்கின்றன. சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019இல் 2 கோடி ரூபா நட்டஈடு விதித்தது. கேட்டமையாற் கிடைத்த நீதி அது, வாளாவிருந்தாற் கிடைத்திருக்குமா?

சட்டம் கற்றோரே, தோட்டஞ் செய்வோரே! கதியாற் சண்டையைக் கைவிடுவோம். ஊர்தோறும் கூடுவோம்; கிணற்றுநீரைச் சோதிப்பிப்போம்; உரத்துக்கு அளவும் மலக்குழிக்குத் தூரமும் நாமே வகுப்போம். நீர் கெட்டபின் காணி உறுதியை வைத்திருந்து என்ன பயன்?